மலைக்காற்றில் சான்சின்: கோஜு-ரியூ கராத்தே பழகத் தொடங்குவோருக்கு

ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் மாஸ்டரிடம் முதலில் கேட்பது, எத்தனை மாதத்தில் எந்த பெல்ட் கிடைக்கும் என்பதைத்தான். ஒகினாவாவின் கோஜு-ரியூ மரபைப் பழக நினைப்பவர் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: அந்த வகுப்பில் சான்சின் கற்றுத் தருகிறார்களா, தந்தால் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? இந்த மரபில் குத்து, உதை, தடுப்பு எல்லாமே சான்சின் என்ற ஒரு கட்டாவின் (குறித்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடரின்) நிலையிலிருந்தும் மூச்சிலிருந்தும் கிளைக்கின்றன. அதை அரைகுறையாக முடித்துக்கொண்டு மேலே போனவர்கள் பல கட்டாக்களை மனப்பாடமாகச் செய்து காட்டுவார்கள். ஆனால் தோளில் கை வைத்து லேசாகத் தள்ளினால் இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். மலையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலோரத் துறைமுக நகரம் ஒன்றில் உருவான மூச்சுப் பயிற்சியை நாம் சுமார் 1,800 மீட்டருக்கும் 2,250 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் செய்கிறோம். அதற்கேற்ற பக்குவத்தோடு தொடங்குவது எப்படி என்பதையே இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வந்த வழி

ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுகளில் பெரியது ஒகினாவா. 1879-இல் ஜப்பான் அதைத் தன் மாவட்டங்களில் ஒன்றாக்கிக்கொள்ளும் வரை அங்கே தனி அரசு இருந்தது. 1609 முதல் தென் ஜப்பானின் சத்சுமா பிரபுக்களின் பிடிக்குள் இருந்தபோதும், சீனாவுக்குக் கப்பம் செலுத்தும் உறவையும் அதையொட்டிய கடல் வணிகத்தையும் அந்த அரசு விட்டுவிடவில்லை. நாஹா துறைமுகத்தை ஒட்டிய குமே பகுதியில் சீனக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தலைநகரான ஷுரியிலும், தொமாரியிலும், நாஹாவிலும் வழங்கிய கைச்சண்டை முறைகளுக்குப் பிற்காலத்தில் அந்தந்த ஊர்ப் பெயரையே வைத்து அழைத்தார்கள். கோஜு-ரியூ நாஹாவின் வழியில் வந்தது.

அந்த வழியை நிலைநிறுத்தியவர் 1853-இல் நாஹாவில் பிறந்த ஹிகாஒன்னா கான்ரியோ. இளம் வயதில் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூசோ நகருக்குக் கப்பலேறி, ரியூ ரியூ கோ என்று ஒகினாவாவில் நினைவுகூரப்படும் ஆசிரியரிடம் பல ஆண்டுகள் பயின்று திரும்பினார். சீனாவிலிருந்து வந்தபோது விரல்களை நீட்டிய கையால் செய்யப்பட்ட சான்சினை, மூடிய முட்டியால் செய்யும்படி பின்னாளில் மாற்றியவரும் அவரே. அவரிடம் 1902-இல் தன் பதினான்காம் வயதில் சேர்ந்தவர் மியாகி சோஜுன். வசதியான குடும்பத்துப் பிள்ளை. பிழைப்புக்கு அலைய வேண்டிய தேவை இல்லாததால் வாழ்நாள் முழுவதையும் இந்தக் கலைக்கே கொடுக்க அவரால் முடிந்தது. 1915-இல் மியாகி தாமே ஃபூசோ சென்று வந்தார். அதே ஆண்டில் ஹிகாஒன்னா மறைந்தார்.

மரபுக்குப் பெயர் கிடைத்த கதை, பயிற்சிக்கும் நேரடியாகப் பொருந்துவது. 1930-இல் மியாகியின் மூத்த மாணவர் ஷின்ஸாதோ ஜின்ஆன் ஜப்பானின் மையத் தீவில் கலையைச் செய்து காட்டியபோது, எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு அவரிடம் நிலையான விடை இல்லை. அவர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்ட மியாகி, புபிஷி என்ற சீனக் கைப்பிரதியில் உள்ள எட்டு வரிகளில் ஒன்றிலிருந்து பெயரை எடுத்தார். மூச்சை உள்ளிழுப்பதும் வெளிவிடுவதும் வன்மையும் மென்மையுமாகும் என்பது அந்த வரியின் கருத்து. கோ என்றால் வன்மை, ஜு என்றால் மென்மை. 1933-இல் ஜப்பானின் தற்காப்புக் கலை மன்றமான தாய் நிப்பொன் புதோகுகாயில் கோஜு-ரியூ முறைப்படி பதிவாயிற்று. தொடக்க மாணவர்களுக்காக கெகிசாய் என்ற இரு கட்டாக்களை 1940-இல் மியாகி அமைத்தார். இன்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கற்பவை பெரும்பாலும் இவைதான்.

1945-இல் ஒகினாவாப் போர் நடந்தது. ஷின்ஸாதோ அந்த ஆண்டில் உயிரிழந்தார். மியாகி தம் பிள்ளைகள் சிலரையும் இழந்தார். போருக்குப் பின், நாஹாவில் மட்பாண்டம் வனைபவர்களின் பகுதியான ட்சுபோயாவில், வீட்டுத் தோட்டத்திலேயே வகுப்பு நடத்தினார். 1953-இல் அவர் மறைந்தபின் மரபு பல கிளைகளாயிற்று: மியாஸாதோ ஏயிச்சியின் ஜுன்தோகான், யாகி மெய்தோகுவின் மெய்புகான், தொகுச்சி செய்கிச்சியின் ஷோரெய்கான் ஆகியவை ஒகினாவா வழியில் நின்றன. ஜப்பானின் மையத் தீவில் யாமகுச்சி கோகென் வளர்த்த கோஜு-காய் சற்றே வேறு முகம் கொண்டது. 1956-இல் ஷிமாபுகு தத்சுவோ தொடங்கியதும் தமிழ்நாட்டில் பலருக்குப் பெயரளவிலாவது தெரிந்ததுமான இஷின்-ரியூவிலும் சான்சின் இருக்கிறது. அவரும் மியாகியிடம் பயின்றவர்.

வகுப்பைத் தேடும்போது மாஸ்டர் இவற்றில் எந்தக் கிளையில் பயின்றவர் என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. நல்ல மாஸ்டர் மகிழ்ச்சியோடு சொல்வார். எந்தக் கிளை உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். ஒன்றில் தொடங்கினால் சில ஆண்டுகளாவது அதிலேயே இருங்கள், ஏனென்றால் காலடி எண்ணிக்கையும் மூச்சின் இடமும் கிளைக்குக் கிளை சிறிது மாறும்.

நிற்கக் கற்பது

முதல் வாரத்தில் கை எதுவும் வேண்டாம். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, வலது காலை ஒரு பாத நீளம் முன்னே கொண்டுபோங்கள். முன்காலின் குதிகாலும் பின்காலின் பெருவிரலும் ஒரே குறுக்குக் கோட்டில் அமைய வேண்டும். முன்பாதத்தின் விரல்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொண்டால் இதைத் தனியாகவே சரிபார்க்கலாம். முழங்கால்களை இலேசாக மடித்து உள்பக்கமாக இறுக்குங்கள். வாலெலும்பை உள்ளே மடக்கி அடிவயிற்றை மேலே தூக்கியது போல வையுங்கள். கால்விரல்கள் தரையைப் பற்ற வேண்டும். இவ்வளவையும் செய்ததும் பெரும்பாலோருக்குத் தோள் தானாகவே காதை நோக்கி ஏறிவிடும். வகுப்பில் அதிகம் காதில் விழும் சொல் "தோளை இறக்கு தம்பி" என்பதாக இருப்பது அதனால்தான்.

நகரும்போது பின்கால் நேராக முன்னே வராமல், முன்காலின் அருகே உட்புறமாக வளைந்து வந்து வெளியே போய் அமர வேண்டும். தலை மேலேறி இறங்கக் கூடாது. பாதம் தரையை உரசியும் உரசாமலும் போக வேண்டும். ஊட்டியின் பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள் சிலவற்றில் இன்னும் மரத்தளம் உண்டு. அப்படி ஒரு கூடம் வகுப்புக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் காலடி தவறாக விழுந்தால் பலகையே சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும்.

காலடி படிந்தபின் கைகள். இரு முன்கைகளையும் உடலுக்கு முன்னே உயர்த்தித் தடுப்பு நிலையில் வையுங்கள்: முட்டிகள் தோள் உயரத்தில், முழங்கைகள் விலாவிலிருந்து ஏறக்குறைய ஒரு முட்டி இடைவெளியில். வலது கால் முன்னே இருக்கும்போது இடது முட்டியை மெதுவாக மார்பின் பக்கவாட்டுக்கு இழுத்து, அதே மெதுவில் முன்னே குத்தி, குத்திய கையை மறுபடி தடுப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த அடியில் இடது கால் முன்னே, வலது கை குத்து. கடைசியில் கைகளை விரித்து எதிரியைப் பற்றி இழுப்பது போன்ற அசைவும், பின்னே அடியெடுத்தபடி கைகளை வட்டமாகச் சுழற்றும் தடுப்பும் வரும். ஹிகாஒன்னாவின் வடிவத்தில் திரும்புதல்கள் உண்டு. மியாகி அமைத்த குறுகிய வடிவத்தில் திரும்பாமல் முன்னும் பின்னும் மட்டுமே நகர்வார்கள். தொடங்குகிறவருக்குக் குறுகிய வடிவமே போதும்.

மூச்சு

இங்கேதான் மிகுதியாகக் கெடுகிறது. கோஜு-ரியூக்காரர்களின் சான்சின் என்றாலே கொதிக்கும் குக்கர் போன்ற பெருமூச்சுச் சத்தம் என்ற எண்ணம் பரவிவிட்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, தொண்டையை இறுக்கி உறுமுவதைப் பார்வையாளர்கள் கைதட்டி ரசிப்பதால் சில வகுப்புகளில் அதையே வளர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சத்தம் தொண்டையை நெரிப்பதால் வருவது. மூச்சை இயக்க வேண்டியது அடிவயிறு.

முட்டியைப் பின்னே இழுக்கும்போது மூக்கின் வழியே மூச்சு உள்ளே வரட்டும். குத்தும்போது வாய் வழியே வெளியே போகட்டும். கை தொடங்கும் கணத்தில் மூச்சும் தொடங்கி, கை நிற்கும் கணத்தில் மூச்சும் நிற்க வேண்டும். நுரையீரலை முழுவதும் காலி செய்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து முடியுங்கள். உடலை இறுக்குவது மூச்சு வெளியேறும் முடிவில் மட்டுமே. உள்ளிழுக்கும்போது கை, தோள், வயிறு எல்லாம் தளர வேண்டும். இறுக்கம் விடாமல் தொடர்ந்தால் வன்மை மட்டும் மிஞ்சும், மென்மை எங்கும் இராது.

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் பழகுபவர்களுக்கு இதைச் சரிபார்க்க இயற்கையே ஒரு வழி தருகிறது. காலைக் குளிரில் வாயிலிருந்து வரும் மூச்சு வெண்புகையாகத் தெரியும். வெயில் விழும் பக்கம் பார்த்து நின்று மெதுவாக ஒரு குத்துக் குத்துங்கள். புகை கையின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனத்தில், இழை அறாமல் நீண்டால் மூச்சு சரி. தொடக்கத்தில் பெரிய மேகமாக வெடித்துப் பிறகு ஒன்றும் வராவிட்டால் மூச்சைத் தள்ளிவிட்டீர்கள். நடுவில் அறுந்து மறுபடி வந்தால் தொண்டை பூட்டிக்கொள்கிறது. கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்றாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்ந்தவர்கள் முதல் ஓரிரு வாரங்கள் சான்சினை இறுக்கமின்றி, வெறும் காலடியும் இயல்பான மூச்சுமாகச் செய்வதே நல்லது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடலை இறுக்கினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தமும் சட்டென உயரும். பிடியை விட்டதும் அது கீழே இறங்குவதால் கண் இருட்டும். மாறாக, வேகமாக ஆழ மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்நுனி மரத்து, தலை சுற்றும். இரண்டும் முன்னேற்றத்தின் அறிகுறிகள் அல்ல. உடனே நிறுத்தி உட்கார வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இறுக்கமான சான்சினைச் செய்யக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பிவிடும் என்பதால் கதவு சாத்திய அறையில், இன்ஹேலரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு பழகலாம்.

நேரமும் இடமும்

மியாகி அமைத்த தயார்ப் பயிற்சிகள் கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறுபவை: விரல்களை மடக்கி நீட்டுவது, கணுக்காலைச் சுழற்றுவது, முழங்கால், இடுப்பு, பிறகு தோளும் கழுத்தும். ஒகினாவாவின் வெக்கையில் இதைக் கொஞ்சம் சுருக்கினாலும் ஒன்றும் ஆகாது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. உறைபனி விழுந்த காலையில் இதற்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். அதுவரை காலுறை அணிந்திருக்கலாம், நகரும் பயிற்சி தொடங்கும்போது வழுக்கும் என்பதால் கழற்றிவிட வேண்டும். சிமெண்ட் தரை என்றால் கயிற்றுப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ பள்ளி மைதானத்திலோ தனியாகப் பழகுவது பார்க்கத்தான் அழகு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் காட்டெருமையும் கரடியும் அந்த நேரத்தில்தான் நடமாடும். நன்றாக வெளிச்சம் வந்தபின் போங்கள். கூடலூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையின்போது புல்தரை முழுக்க அட்டைகளாக இருக்கும் என்பதால் அந்த மாதங்களுக்குச் சமுதாயக் கூடமே சரி.

கருவிகள்

கோஜு-ரியூவுக்கென்று துணைப் பயிற்சிக் கருவிகள் உண்டு. அவற்றில் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது சீ-இஷி, அதாவது ஒரு முனையில் கல் பொருத்திய கைப்பிடி. ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவும் மண்வெட்டிக் காம்பு ஒன்றும் போதும். காம்பை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக அறுத்து, உள்ளே புதையும் முனையில் இரண்டு ஆணிகளைக் குறுக்காக அடித்து, அதை டப்பாவின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, சிமெண்டும் மணலும் சிறுஜல்லியும் கலந்த கலவையை ஊற்றிக் குத்திவிடுங்கள். கான்கிரீட் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ எடை வரும். தொடங்குகிறவருக்கு அதுவே போதும். குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால், உறைபனிக் காலத்தில் வீட்டுக்குள் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, இரண்டு வாரம் கழித்தே எடுத்துச் சுழற்றுங்கள்.

கால்களை அகட்டித் தாழ்ந்து நின்று, காம்பின் நுனியைப் பிடித்து, கல்லை முன்னிருந்து தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், தோளைச் சுற்றி மறுபடி முன்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சிலம்பக் கூடத்தில் கர்லா கட்டை சுற்றியவர்களுக்குத் தோளின் வேலை உடனே பிடிபடும். ஆனால் கர்லாவை அதன் வீச்சிலேயே ஓடவிடுவது போல இதை விடக் கூடாது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மணிக்கட்டு நேராக நின்று கல்லை நிறுத்த வேண்டும். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்து விளிம்பை ஐந்து விரல்களாலும் பற்றித் தூக்கி நடக்கும் பிடிஜாடிகளுக்கு ஒரே அளவுள்ள இரண்டு ஊறுகாய் ஜாடிகள் உதவும். முதலில் காலி ஜாடி, பிறகு மாதத்துக்குக் கொஞ்சமாக மணல். சான்சின் காலடியிலேயே நடக்க வேண்டும். பனி படிந்த பளபளப்பான ஜாடி கையிலிருந்து நழுவிப் பாதத்தில் விழும் என்பதால் விளிம்பைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

குத்துவதற்கான மகிவாரா பலகையில் அவசரம் வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. பெரியவர்கள் நட விரும்பினால் மரவாடியில் வாங்கிய, முடிச்சில்லாத, வளைந்து மீளக்கூடிய பலகையை மேல்நோக்கி மெலிவாகச் சீவி, தலைப்பகுதியில் வைக்கோல் பிரியைச் சுற்றுங்கள். தேங்காய் நார்க் கயிறு தோலை உரித்துவிடும். வைக்கோல் மலையில் எளிதில் கிடைக்காது. சமவெளியிலிருந்து வரும் மாட்டுத்தீவன லாரிக்காரரிடம் சொல்லி வைக்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டி மட்டும் படும்படி, பலகை சிறிது வளைந்து திரும்பும் அளவுக்கு மெதுவாகக் குத்தினால் போதும். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள் அடுத்த வீட்டுக்காரர் இரவு ஷிஃப்ட் முடித்து உறங்கும் நேரத்தைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது

தனியாகச் சான்சின் ஓரளவு படிந்ததும் காகியே பழகலாம். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி, வாங்கியவர் திரும்பத் தள்ளுவது. நம்முடைய நிலை சரியா என்பதை எதிரில் இருப்பவரின் கை உடனே சொல்லிவிடும். பலத்தைக் காட்டத் தொடங்கினால் இது வெறும் தள்ளுமுள்ளாகிவிடும். ஆகவே முதலில் கண்ணை மூடிக்கொண்டு, மிக மெதுவாக.

சான்சினில் மாணவரின் தோள், முதுகு, தொடைகளை மாஸ்டர் கையால் தட்டியும் அழுத்தியும் சோதிக்கும் ஷிமே என்ற வழக்கம் உண்டு. இறுக்கம் எங்கே விட்டுப்போயிற்று என்று காட்டவே அந்தத் தட்டல். மேடையில் முதுகில் அறைவதும் கட்டையால் அடித்து உடைப்பதும் அதன் நோக்கமல்ல. பிள்ளைகளிடம் அப்படிச் செய்யும் வகுப்பாக இருந்தால் பெற்றோர் தயங்காமல் வேறு வகுப்பைப் பார்க்கலாம்.

கெகிசாய் இரண்டும், பிறகு சைஃபாவும் வரும். அதற்குப் பின் சேயுன்சின், ஷிசோசின், சான்சேரு, சேபாய், குருருன்ஃபா, சேசான், கடைசியாக சூபாரின்பேய். சான்சினின் இணையாக மியாகி அமைத்த தென்ஷோ, திறந்த கையின் மென்மையான சுழற்சிகளைக் கொண்டது. அதை எப்போது தருவது என்பது மாஸ்டரைப் பொறுத்தது. மியாகி தம் மாணவர்களில் பலருக்குச் சான்சினோடு அவரவர் உடல்வாகுக்கேற்ற ஓரிரு கட்டாக்களை மட்டுமே ஆழமாகக் கற்பித்தார் என்று அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆண்டுக்கொரு கட்டா என்று கணக்கு வைக்க வேண்டாம். ஒவ்வொரு புதிய கட்டாவைத் தொடங்கும் மாதத்திலும் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைச் சான்சினுக்கு ஒதுக்குங்கள். புதியதில் கால் தடுமாறும் இடம் எதுவோ, அது சான்சினிலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் தென்பட்டுவிடும்.